வாளி காய்ந்திருந்தது

திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் இப்போது மதில் நிற்கிறது. அந்த நாளில் கிடுகு வேலிதான். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதற்குள்ளால்தான் அவள் கறிச்சட்டியோடு வருவாள், பிள்ளையைத் தந்துவிட்டுப் போவாள், சில இரவுகளில் ஒன்றும் சொல்லாமல் வந்து என் குசினி வாசலில் குந்தியிருப்பாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள். பெயரை நான் எழுதப்போவதில்லை. அவளுடைய மகள் இந்த ஊரில்தான் இருக்கிறாள்.

அன்று விடிய ஐந்தரை மணியிருக்கும். அவளுடைய மாமி குழறிய சத்தம் கேட்டு வேலிப்பொட்டுக்குள்ளால் ஓடினேன். கிணற்றடியில் புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தான். "தண்ணி அள்ளப் போனவள் அக்கா, வழுக்கிப்போட்டுது" என்றான். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். சட்டையின் நிறம் மட்டும் தெரிந்தது. நிமிர்ந்தபோது கண்ணுக்கு நேரே வாளி தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாளியை நான் இன்றைக்கும் வரைந்து காட்டுவேன். கப்பிக் கட்டையில் அடித்திருந்த ஆணியில், பிடியால் கொளுவியிருந்தது. உள்பக்கம் முழுக்கக் காய்ந்து கிடந்தது. தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம். அடியில் ஒரு முருங்கையிலை, ஒட்டாமல், காற்றுக்கு அசைந்துகொண்டு கிடந்தது. ஈரமான வாளி என்றால் அந்தச் சின்ன இலை அடியோடு ஒட்டிப்போயிருக்கும். தண்ணீர் அள்ளப் போனவள் வாளியை எடுக்கவே இல்லையே என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. வந்தது மாதிரியே போய்விட்டது.

ஆவணி மாதம். வறண்ட கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அந்த நேரம் தண்ணீர் அடிக்குப் போய்விடும். கயிறு கட்டி இறங்கிய பொடியன்களுக்கு நெஞ்சளவுதான் வந்தது. மேலே தூக்கிக் கிணற்றுக்கட்டில் கிடத்தினார்கள். தலையின் பின்பக்கம் ஒரு காயம். மூக்கும் வாயும் அழுக்காக இருந்தன. நான் என் சீலைத் தலைப்பால் துடைத்தேன். அப்புறம் அதே வாளியை ஆணியிலிருந்து எடுத்தேன், தண்ணீர் அள்ளினேன், கிணற்றுக்கட்டை ஊற்றிக் கழுவினேன். தலைமயிரைப் பிழிந்து கோதி முடிந்துவிட்டேன். ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்த சீலை சுற்றினோம். யாரோ முற்றத்தைக் கூட்டினார்கள். பொலிஸ் வந்தபோது வீடு சுத்தமாக, செத்தவீடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

அன்பில்தான் செய்தேன். பொம்பிளைப் பிள்ளையை ஊரார் பார்க்க அப்படிப் போடக்கூடாது என்றுதான் செய்தேன். ஆனால் ஒரு கொலை வழக்கின் பாதியை அந்த முக்கால் மணித்தியாலத்தில் என் கையால் கழுவி ஊற்றினேன். இதைத்தான் எழுத வந்தேன். இத்தனை வருடம் எழுதாமல் இருந்ததும் இதனால்தான்.

மத்தியானத்துக்கு முன்னர் மரண விசாரணை அதிகாரி வந்தார். எங்கள் ஊரில் இன்னும் கொறனர் என்றுதான் சொல்வார்கள். என்ன நடந்தது என்று என்னிடமும் கேட்டார். எனக்குப் பக்கத்தில் மாமி நின்றாள். பின்னால் அவனுடைய அண்ணன் நின்றான். "வழுக்கி விழுந்திருப்பாள் ஐயா" என்று சொன்னேன். எழுதினார். கையெழுத்து வைத்தேன்.

வெட்டுக்கொத்து வேண்டாம், உடலை அப்படியே தாருங்கள் என்று உறவுக்காரர் கெஞ்சினார்கள். நானும் சேர்ந்து கெஞ்சினேன் என்பதை மறைக்க மாட்டேன். அவர் மறுத்துவிட்டார். தலையில் காயம் இருக்கிறது, நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், சட்ட வைத்திய அதிகாரிதான் பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்கு அந்த மனிதனில் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்திருக்கவே கூடாத கோபம் அது. ஏனென்றால் நான் இந்த ஊர்க்காரி. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் செத்தபோது கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். அது துப்பாக்கிச் சூடு என்று உடல்கள்தான் சொல்லின. பிரேத பரிசோதனை இல்லாவிட்டால் அந்தப் பொய் அப்படியே நின்றிருக்கும். அந்த வழக்கிலும் 13 சந்தேகநபர்களை 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவித்துவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல். ஆனாலும் உண்மை என்னவென்று ஒரு கடதாசியில் இருக்கிறது. அந்தக் கடதாசியின் பெறுமதி தெரிந்த ஊரிலிருந்து கொண்டு, எங்கள் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று கெஞ்சினோம்.

உடலைத் தரும்போது எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. பிறகு தேவைப்பட்டால் தோண்டிப் பார்க்கலாம் என்பதற்காக. அவள் ஆட்களில் யாரையும் புதைத்ததில்லை. தகப்பன் குழிக்குப் பக்கத்தில் நின்று, கொள்ளி வைக்கவேண்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. முருங்கையிலை கண்ணுக்குள் அசைந்தது. விடிய எழும்பிப் பொலிசுக்குப் போனேன். வாளி காய்ந்திருந்தது என்று சொன்னேன். முதல்நாள் இரவு சத்தம் கேட்டது, பிள்ளை அழுதது என்றும் சொன்னேன். அன்று பின்னேரம் புருஷனைப் பிடித்தார்கள்.

கொலைக் குற்றச்சாட்டு என்றால் நீதவான் பிணை கொடுக்க முடியாது. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்ற நீதிபதிதான் கொடுக்கலாம். அதனால் நீண்ட காலம் விளக்கமறியலில் இருந்தான். நீதவான் நீதிமன்றத்தில் சுருக்கமுறையற்ற விசாரணை நடந்தது, வழக்கை மேலே அனுப்பச் சாட்சியம் போதுமா என்று பார்க்கிற விசாரணை. பிறகு கோவை கொழும்புக்கு, சட்டமா அதிபரிடம் போனது. குற்றப்பத்திரிகை வர ஐந்து வருடம். மேல் நீதிமன்றத்தில் வழக்கு எடுபட இன்னும் இரண்டு. தவணை, தவணை, தவணை. அழைப்பாணையைப் பையில் வைத்துக்கொண்டு வளாகத்து மரநிழலில் எத்தனை நாள் நின்றிருப்பேன். எங்கள் ஊர் மான்கள் வந்து கடதாசி தின்னும். அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னேரம் "அடுத்த தவணை" என்று சொல்வார்கள். அதற்குள் கிணற்றில் இறங்கிய இரண்டு பொடியன்களில் ஒருவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

சரி, சாட்சிக் கூண்டுக்கு வருவோம். அரச சட்டத்தரணி கேட்டதெல்லாம் சுலபமாக இருந்தது. எதிரி தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். வயதானவர், குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மா, இறந்தவருடைய வாயில், மூக்கில் நுரை இருந்ததா?"

எனக்குத் தெரியவில்லை. துடைத்தது ஞாபகம். எதைத் துடைத்தேன் என்பது ஞாபகம் இல்லை. சேறா, சளியா, நுரையா? உயிரோடு தண்ணீருக்குள் போனவர் மூச்சுக்குத் திணறும்போது மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய வெள்ளை நுரை உண்டாகும், அது வாயாலும் மூக்காலும் வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அவளைத் தூக்கியெடுத்த நேரத்தில் அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தவள் நான். அந்தச் சீலையை அன்றைக்கே தோய்த்துக் காயப்போட்டவளும் நான்.

"வாளி காய்ந்திருந்தது என்கிறீர்கள். கயிறும் காய்ந்திருந்ததா?"

கயிற்றைப் பார்க்கவில்லை. வாளி பிளாஸ்டிக், காற்றுக்குக் கெதியில் காயும். கயிறு தும்புக் கயிறு, நனைந்தால் அரைநாளுக்கு ஈரம் பிடித்து நிற்கும். கயிற்றை ஒருதரம் தொட்டிருந்தால் போதும். தொட்டேன்தான், தண்ணீர் அள்ளும்போது. அப்போது அது எப்படி இருந்தது என்று என் உள்ளங்கைக்கு ஞாபகம் இல்லை.

"ஆவணி மாதத்துக் கச்சான் காற்றில் ஒரு வாளி காய எவ்வளவு நேரம் எடுக்கும் அம்மா?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்ல? திருகோணமலையில் பிறந்த யாருக்கும் தெரியும், அந்தக் காற்றில் கொடியில் போட்ட சீலையே எவ்வளவு கெதியில் காயும் என்று.

கடைசியாக மரண விசாரணையில் நான் வைத்த கையெழுத்தைக் காட்டினார். "அன்றைக்கு வழுக்கி விழுந்தார் என்றீர்கள். வாளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரவுச் சத்தம் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று நாள் கழித்து, ஊரார் கதைக்கத் தொடங்கிய பிறகு, வாளி வந்தது. சரியா?" சரி என்றுதான் சொல்ல முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லிமுடிக்கும்வரை நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரிக் கூண்டிலிருந்து அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் மெலிந்துபோயிருந்தான்.

சட்ட வைத்திய அதிகாரியின் சாட்சியம் நேர்மையாக இருந்தது. மூச்சுக்குழாயில் நுரை இருந்தது, நீரில் மூழ்கியதால் மரணம் என்றார். அதாவது கிணற்றுக்குள் போகும்போது அவளுக்கு உயிர் இருந்தது. தலைக்காயம் மரணத்துக்கு முன்னர் பட்டது, நினைவிழக்கச் செய்யக்கூடியது என்றார். ஆனால் அந்தக் காயம் விழும்போது கிணற்று வளையத்தில் அடிபட்டு வந்ததா, அல்லது மேலேயே யாரும் அடித்ததால் வந்ததா என்று கேட்டபோது, இரண்டும் சாத்தியம் என்றார். மேலே அடி விழுந்திருந்தால் கிணற்றுக்கட்டில் இரத்தம் இருந்திருக்கும். கிணற்றுக்கட்டில் இரத்தம் இருந்ததா என்று எல்லாச் சாட்சிகளிடமும் கேட்டார்கள். தாங்கள் வரமுதல் அது கழுவியிருந்தது என்று பொலிசார் சொன்னார்கள்.

என்னுடைய பெறாமகன் ஒருத்தன் சட்டம் படிக்கிறான். வழக்கு நடந்த காலத்தில் அவனைப் போட்டு அரித்தெடுத்தேன். வீட்டுக்குள் இருந்தது புருஷனும் அவளும் பிள்ளையும் ஒரு கிழவியும்தானே, என்ன நடந்தது என்று அவன்தானே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அதற்கு ஒரு பிரிவு இருக்கிறது பெரியம்மா என்றான். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு. ஒருவருக்கு மட்டுமே விசேடமாகத் தெரிந்த விடயத்தை நிரூபிக்கும் பொறுப்பு அவருக்கே என்று அது சொல்கிறது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். பொறுங்கோ என்று ஒரு பழைய வழக்கைச் சொன்னான்.

1933இல் கொழும்பில், ஸ்டீபன் செனவிரத்ன என்பவருடைய மனைவி வீட்டில் இறந்து கிடந்தார். குளோரோபோம். கணவர்தான் கொடுத்துக் கொன்றார் என்றது அரச தரப்பு. மனைவி தானே எடுத்தார் என்றது எதிர்த்தரப்பு. யூரி குற்றவாளி என்றது, மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீடு லண்டனில், அந்தக் காலத்தில் எங்களுக்குக் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனது. 1936இல் அவர்கள் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டார்கள். 106ஆம் பிரிவை வைத்துக்கொண்டு, கொலை நடக்கவில்லை என்பதை நிரூபிக்கும் சுமையைக் கணவரின் தலையில் ஏற்ற முடியாது என்றார்கள். கொலைதான் நடந்தது என்று முதலில் அரச தரப்பு காட்ட வேண்டும். இந்தியாவின் சாட்சியச் சட்டத்திலும் அப்போது அதே இலக்கத்தில் அதே பிரிவு இருந்தது. 1956இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் இந்த இலங்கை வழக்கையே எடுத்துக்காட்டியது. பின்னாளில், 2006இல், வீட்டுக்குள் மனைவி இறந்தால் கூட இருந்தவன் பொருத்தமான விளக்கம் தரவேண்டும், வாயை மூடிக்கொண்டு தப்ப முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கேயும் முதல் அடி அரச தரப்பினுடையதுதான்.

முதலில் இதைக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்தவளுக்கு வாய் இல்லை, இருப்பவனுக்குச் சட்டம் வாய் கொடுக்கிறது என்று கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் சதாசிவம் வழக்கை வாசித்துப் பார்க்கச் சொன்னான்.

மகாதேவ சதாசிவத்தை எங்கள் அப்பா காலத்து ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். இலங்கை பெற்ற பெரிய துடுப்பாட்டக்காரர். 1949 ஒக்டோபர் 9ஆம் திகதி பம்பலப்பிட்டியில் அவர்களுடைய வீட்டுக் கராஜில் மனைவியின் உடல் கிடந்தது. விவாகரத்து வழக்குப் போட்டிருந்த மனைவி. நாடே அவர்தான் செய்தார் என்று நம்பியது. வீட்டு வேலைக்காரனான வில்லியம் அரச தரப்புச் சாட்சியாக மாறி, தான் உதவி செய்ததாகச் சொன்னான். முழு வழக்கும் ஒரு கேள்வியில் வந்து நின்றது. சதாசிவம் வீட்டைவிட்டு டாக்சியில் போவதற்கு முன்னர் மனைவி இறந்தாரா, பின்னரா? பேராசிரியர் டி சேரம் உடல் வெப்பத்தை வைத்து நேரம் சொன்னார். எடின்பரோவிலிருந்து சர் சிட்னி சிமித் எதிரி தரப்புக்காக வந்து சாட்சியம் சொன்னார். சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. 57 நாள் விசாரணை. 1951 ஜூன் 25ஆம் திகதி யூரி ஒரே முடிவாகச் சுற்றவாளி என்றது. இருபது மாதம் அடைபட்டிருந்த மனிதர் வெளியே வந்தார்.

இதில் என்னைப் பிடித்தது வேறொன்று. குளிர் நாட்டில் எழுதிய கணக்கு எங்கள் வெக்கைக்குச் சரிவராது. இங்கே உடம்பு மெதுவாகத்தான் குளிரும். அதனால் டி சேரமும் வெப்ஸ்டரும் கதிர்காமத்தம்பி என்ற வைத்தியரும் கொழும்பில் தூக்கிலிட்ட கைதிகளின் உடல் குளிர்வதை நேரத்துக்கு நேரம் அளந்து 1955இல் வெளியிட்டார்கள். தூக்குக் கைதிகள் ஏன் என்றால், அவர்கள் இறந்த நேரம் நிமிடம் பிசகாமல் தெரியும். இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, நீதிபதிகள் இன்னும் அந்தத் தண்டனையை வாசிக்கிறார்கள். ஒரு மனுசியின் சாவு நேரத்தை அறிய அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். எங்கள் கிணற்றடியில் உடல் வெப்பத்தை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும், நான் ஊற்றிய குளிர்தண்ணி எந்தக் கணக்கையும் பிழைக்கச் செய்திருக்கும்.

அவளுடைய புருஷன் விடுதலையானான். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்று நீதிபதி வாசித்தார். தீர்ப்பில் என் சாட்சியத்துக்கு மூன்று பக்கம். தாமதமாகச் சொன்னதால் அதில் தங்கியிருக்க முடியாது என்று இருந்தது. அந்த நீதிபதியில் எனக்குக் குறை இல்லை. நானே அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும், முதல்நாள் ஒன்றும் மூன்றாம் நாள் இன்னொன்றும் சொன்ன ஒரு பொம்பிளையை நம்பி ஒரு மனிதனுக்குத் தூக்கு எழுதியிருக்க மாட்டேன். அவனைக் கொலைகாரன் என்று நான் இங்கே எழுதவும் மாட்டேன். சட்டம் அவனுக்குக் கொடுத்ததை நான் பறிக்கக்கூடாது.

இரவில் வந்து குந்தியிருந்த நாட்களில் அவள் சொன்னதையும் கூண்டில் சொல்லப் பார்த்தேன். அதை ஏற்கவில்லை. இறந்தவர் சொன்ன சொல்லை அதே சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் சாட்சியமாக எடுக்கலாம், ஆனால் அது அந்தச் சாவுக்குக் காரணமான சம்பவத்தோடு நெருக்கமாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் முந்திய அடி அதற்குள் வராது என்று விளங்கப்படுத்தினார்கள். அந்த அடிகளுக்கு வேறு சட்டம் இருந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அவள் உயிரோடு இருந்தபோதே இருந்தது. நீதவானிடம் போனால் பன்னிரண்டு மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், அவன் கிட்ட வராமல் தடுக்கலாம். அவள் ஒருதரம் முறைப்பாட்டுக்குப் போனாள். சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து என் குசினி வாசலில் இருந்தபோது நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, "பிள்ளைக்காகப் பொறுத்துப்போ தங்கச்சி" என்றேன். அப்படிச் சொன்னதற்கு எந்த நீதிமன்றமும் என்னைக் கேட்கவில்லை.

இதை வாசிக்கிற யாருடைய அயலிலாவது ஒரு பெண் வீட்டுக்குள் திடீரென்று செத்தால், தயவுசெய்து தொடாதீர்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இல்லையென்றால் ஒரு துணியால் மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கழுவுகிறவளைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள், அவள் தாயாக இருந்தாலும். கண்டதை அன்றைக்கே, கொறனர் கேட்கும்போதே சொல்லுங்கள். பக்கத்தில் ஆட்கள் நின்றால் "ஐயா, தனியக் கதைக்க வேண்டும்" என்று சொல்லுங்கள், அவர் தடுக்கமாட்டார். நான் கேட்டிருந்தால் எனக்கும் தனியக் கதைக்க இடம் தந்திருப்பார்.

மகள் தாயின் ஆட்களோடு வளர்ந்தாள். போன மாதம் ஏ.எல். சோதனை முடிந்து என்னைப் பார்க்க வந்தாள். வேலிப்பொட்டு இருந்த இடத்தில் மதிலைத் தடவிப் பார்த்தாள். அந்த வீட்டை விற்றுவிட்டார்கள், கிணற்றை மூடிக் குழாய்த்தண்ணி எடுத்திருக்கிறார்கள். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"பெரியம்மா, வாளி காஞ்சுதான் இருந்ததோ?"

"ஓம் பிள்ளை," என்றேன். "காஞ்சுதான் இருந்தது. உள்ளுக்குள்ள ஒரு முருங்கையிலை கிடந்தது."

அவள் தலையாட்டினாள். அந்த முருங்கை எந்தப் பக்கம் நின்றது என்று கேட்டாள். எழும்பிப்போய் மதிலுக்கு மேலால் காட்டினேன்.